வாளியிடம் கேட்ட கிட்னி

குளவிக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளைத் தூக்கி வைத்துப் பேசுவதாக யாரும் நினைக்கக் கூடாது. அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், வாடகைக் கார் ஓட்டுகிறேன். நான் கார் நிறுத்தும் இடத்தில்தான் அவள் ஸ்கூட்டரை நிறுத்துவாள். எடுக்கச் சொன்னால், "உங்க கார் என்ன கப்பலாண்ணே, இவ்வளவு எடம் பத்தாம?" என்பாள். இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நான் ஆராய்ச்சி பண்ணவில்லை. அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும்.

குளவி என்ற பெயர் அவள் வேலை செய்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வந்தது. டூ வீலர் சாமான் விற்கும் கடை. வாசலில் டயர் அடுக்கு, உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி, நடுவில் ஒரு ஆள் மட்டும் பக்கவாட்டில் நுழையக்கூடிய சந்து. கவுண்டரில் இவள். மெக்கானிக் அறுந்துபோன கிளட்ச் கேபிளைக் கொண்டுவந்து போட்டால், அதை ஒருமுறை விரலில் சுற்றிப் பார்ப்பாள். நேராகப் போய் அதற்கு ஜோடியை எடுத்து வருவாள். தப்பான சாமான் அவள் கையிலிருந்து வந்ததே இல்லை. அதற்காகத்தான் ஊரில் இருந்த மெக்கானிக் எல்லாம் அவளிடம் கொட்டு வாங்கிக்கொண்டும் அந்தக் கடைக்கே போனார்கள். "ஒரிஜினல் இல்லையாம்மா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒரிஜினல் வண்டி வாங்கினப்பவே உங்களுக்குக் குடுத்தாச்சு. நீங்க பத்திரமா வச்சிருக்கணும்" என்றாளாம். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனார். முதலாளிக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் அவள் லீவு போட்ட நாளில் அவருக்கே எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தெரியாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார்.

அவள் உடம்பு கெட்டுப்போனதை யாரும் கவனிக்கவில்லை. காலையில் முகம் உப்பியிருந்தது. "நல்ல தூக்கம் போல" என்றார் முதலாளி. கால் வீங்கி செருப்பு பத்தவில்லை, புதுச் செருப்பு வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது, கடையில் அடிக்கும் ஆயில் நாற்றம்தான் காரணம் என்றாள். ஒருநாள் பேரிங் பெட்டியை இறக்கும்போது பெட்டியோடு சரிந்து விழுந்தாள். உருண்டுபோன பேரிங்கை எல்லாம் பொறுக்கி எடுத்த பிறகுதான் முதலாளி அவளைப் பொறுக்கி எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான், ஆனால் எனக்கு நம்பக் கஷ்டமாக இல்லை.

இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்கள். ரொம்ப நாளாக பிரஷர் இருந்திருக்கிறது, கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். அவள் அம்மா அப்பாவியாகப் பதில் சொன்னார்: "இவ எப்பவும் இப்படித்தான் சிடுசிடுன்னு இருப்பா டாக்டர். பிரஷருன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலையாயிற்று. டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் இரத்தக் குழாய்களை ஒட்டவைத்த இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். அதன்மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பின் சீட்டில் உட்காருவாள். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், சிறுநீர் வெளியே போக வழியில்லாததால் குடித்தது எல்லாம் உடம்பிலேயே தங்கி மூச்சை அடைக்கும். முதல் நாள் என் தண்ணீர் பாட்டில் கியர் பக்கத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தவள், "அத எடுத்து டிக்கில போடுங்க, இல்லேன்னா உங்க தலையில ஊத்திடுவேன்" என்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. என் கார், என் பாட்டில். திரும்பி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கண்ணாடியில் பார்த்தேன். உதடு வெடித்து இரத்தம் கட்டியிருந்தது. வண்டியை ஓரம் கட்டி, பாட்டிலை டிக்கியில் போட்டேன். அதற்காக எனக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வேறு கிட்னி வைத்தால்தான் பிழைப்பாள், டயாலிசிஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் பாதியில் பிரஷர் இறங்கி, கண் சொருகிவிடும். அம்மா கொடுக்கத் தயாராக இருந்தார், அவருக்குச் சர்க்கரை இருந்ததால் ஒதுக்கிவிட்டார்கள். அப்பா இல்லை. அம்மாவின் தம்பி வந்தார். கூடத்தின் நடுவில் நின்று வயிற்றில் தட்டி, "மாமா நான் இருக்கேன்ல? எடுத்துக்கோடா கண்ணு. ஒண்ணு என்ன, ரெண்டையும் எடுத்துக்கோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெஸ்டுக்கு வரச்சொன்ன நாளிலிருந்து அவர் போன் அணைந்து கிடக்கிறது.

"ரெண்டையும் குடுக்கறேன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், ஒண்ணுகூட வராதுன்னு" என்றாள் குளவி.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். அது அத்தை.

அந்த வீடு ஒரே கூரைக்கு அடியில் இரண்டு வீடு. நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் குளவியும் அம்மாவும், மறு பக்கம் குளவியின் அப்பாவுடைய அக்கா. அத்தை ஒரு ஹாஸ்டலில் சமையல்காரி. பெரிய பெரிய அண்டாவுக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டை ஒலிபெருக்கியாகிவிட்ட பொம்பளை. கல்யாணம் பண்ணிக் கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்துவிட்டவர், பிள்ளை இல்லை. தம்பி மாரடைப்பில் போனபோது, உடம்பு கூடத்தில் கிடக்க, வந்திருந்த சனம் எல்லாம் பார்க்க, தம்பி பொண்டாட்டியைக் காட்டி, "பேசிப் பேசியே என் தம்பியக் கொன்னவ இவதான்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த குளவியும் அத்தை என்ற சொல்லை அன்றோடு விட்டுவிட்டாள். 'அந்தப் பொம்பள' என்றுதான் சொல்வாள்.

பேச்சு இல்லை என்றால் அமைதி என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லைப்புறம் பொது, குழாய் ஒன்றுதான். நேராகப் பேசத்தான் மாட்டார்களே ஒழிய, சாடையாகப் பேசாத நாள் கிடையாது. அத்தை காக்காயைத் திட்டுவார். அம்மா வாளியைத் திட்டுவார். குளவி தன் ஸ்கூட்டரைத் திட்டுவாள். "சனியன், விடிஞ்சதும் மூஞ்சியத் தூக்கிட்டு வந்துடுது" என்று அத்தை சொன்னால் காக்காய் பாவம் சுவர்மேல் முழிக்கும். "தண்ணி நிக்காத வாளிக்குச் சத்தத்துக்கு மட்டும் கொறைச்சல் இல்ல" என்று இந்தப் பக்கம் வாளி ணங்கென்று விழும். சில நாள் என்னையும் இழுப்பார்கள். "மாடியில இருக்கறவருக்கே பொறுக்கலையாம்" என்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அது உண்மைதான். இந்த விளையாட்டில் ஒரே சட்டம்: யார் முதலில் நேராகப் பேசுகிறாரோ அவர் தோற்றார்.

அத்தைக்கும் குளவிக்கும் ஒரே இரத்த வகை என்று அம்மாவுக்குத் தெரியும். போய்க் கேட்க வேண்டியதுதானே? மகள் உயிர் ஊசலாடுகிறது. அந்த அம்மா கேட்டார். எப்படிக் கேட்டார் தெரியுமா? குழாயடியில் வாளியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏ வாளி, உனக்கு ஓட்ட விழுந்தா அடைச்சுக்கலாம். நெஞ்சே கல்லாப் போனவங்கள என்ன பண்றது? கூடப் பொறந்தவன் பொண்ணு இழுத்துக்கிட்டுக் கெடக்குது, எட்டிப் பாக்க ஒரு நாதி இல்ல!"

உதவி கேட்கிற லட்சணம் இது. அந்தப் பக்கம் இருந்தவருக்குக் காதில் விழுந்தது 'கல்' மட்டும்தான். அவர் காக்காய் பக்கம் திரும்பினார்.

"பசிச்சா வாசலுக்கு வந்து கேக்கணும். சுவத்துமேல குந்திக்கிட்டு கத்தினா கல்லுதான் பறக்கும்!"

வந்து கேள், தருகிறேன் என்று அவர் சொன்னார். இது எனக்கு மாடியிலிருந்தே புரிந்தது. அம்மாவுக்கும் அந்தக் கல் மட்டும்தான் கேட்டது. அன்றைக்கு இரண்டு வீட்டிலும் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்படியே வாரங்கள் போயின. குளவி கடைக்குப் போவதை நிறுத்தினாள். மாடிப்படியின் அடியில் வந்து உட்கார்ந்து, கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பாள். விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும்.

ஒருநாள் காலை நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை கொடியில் துணி போட்டுக்கொண்டே, வழக்கத்தைவிட ஒரு படி மேலான குரலில், கிளிப்பைப் பார்த்துச் சொன்னார்.

"தலையில இருந்து கால் வரைக்கும் படம் புடிச்சுப் பாத்துட்டாங்க! ரெண்டும் இரும்பு மாதிரி இருக்காம்! இந்த வயசுல இப்படியான்னு அந்த டாக்டரே அசந்துட்டார்! ஆனா என்ன, கேக்கறவங்களுக்குத்தான் வாயில பூட்டு!"

உள்ளே அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தார். தன் மகளுக்கு இரண்டும் போய்க் கிடக்கும்போது, இவள் தனக்கு இரண்டும் நன்றாக இருக்கிறது என்று கொக்கரிக்கிறாள் என்று நினைத்துவிட்டார். குளவி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மூச்சு வாங்கியது. அப்படியும் வந்து ஸ்கூட்டரை ஓங்கி ஒரு உதை விட்டாள்.

"சில வண்டிங்க இருக்கு. ஸ்டெப்னி பளபளன்னு வச்சிருக்கும். நடுரோட்டுல எவன் செத்தாலும் தராது. அப்படியே வச்சு வச்சு துருப்பிடிச்சு, கடைசியில எடைக்குத்தான் போகும்!"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கையிலிருந்த பக்கெட் தண்ணீரைத் தரையில் அடித்தேன்.

"நிறுத்துங்க எல்லாரும்! உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? உடம்புக்கு ஒண்ணும் இல்லாத பொம்பள எதுக்கு வேல வெட்டிய விட்டுட்டுப் போயி கிட்னிய டெஸ்ட் பண்ணிட்டு வரணும்? எடுத்து ஷோகேஸ்ல வைக்கவா? குடுக்கறேன்னு சொல்றாங்க. கத்திக் கத்திச் சொல்றாங்க. உங்க காதுல என்ன அடைச்சிருக்கு?"

அம்மா அழுகையைப் பாதியில் நிறுத்தி ஜன்னலுக்கு வந்தார். அத்தை முகம் சிவந்துவிட்டது.

"மாடிக்கு வாடகைக்கு வந்தவன் மாடியோட இருக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவை அறைந்தார்.

இல்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அந்த வீட்டில் யாராவது ஒன்றை மறுக்கவில்லை என்றால் அது சத்தியம் பண்ணிக் கொடுத்த மாதிரி. அடுத்த டயாலிசிஸ் நாளில் நான் இறங்கி வந்தபோது, என் காரின் முன் சீட்டில் அத்தை ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குளவி பார்த்தாள். "அண்ணே, எனக்கு வேற வண்டி கூப்பிடறீங்களா?"

"நடந்து வா" என்றேன்.

ஏறிக்கொண்டாள். வழி முழுக்க அத்தை மட்டும் ஒவ்வொரு சிக்னலையும் திட்டினார். சிவப்பு விளக்கை இவ்வளவு கேவலமாகத் திட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இறங்கியதும் குளவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இவகிட்ட வாங்கினா ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாண்ணே."

"சொல்லிக் காட்டறதுக்கு உனக்கு ஆயுசு வேணும்ல?" என்றேன்.

துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டு அத்தைக்குப் பின்னால் நடந்தாள். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

சோதனைகள் எல்லாம் பொருந்தின. ஆனால் அதோடு முடியவில்லை. பெற்றவர், கூடப் பிறந்தவர் இல்லாமல் வேறு சொந்தம் கொடுப்பதாக இருந்தால் ஒரு கமிட்டி முன்னால் போய் உட்கார வேண்டுமாம். யாராவது மிரட்டியோ, ஆசை காட்டியோ உறுப்பை வாங்குகிறார்களா என்று விசாரிப்பார்கள். வீட்டாரைத் தெரிந்த வெளி ஆள் ஒருவரும் வர வேண்டும் என்றார்கள். என் கெட்ட நேரம், நான்தான் போனேன்.

நீளமான மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட டாக்டர் அம்மா ஒருவர். நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தார். அத்தையைப் பார்த்து, "நீங்க உங்க சொந்த விருப்பத்துல குடுக்கறீங்களாம்மா?" என்றார்.

இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் குளவி. அவர்கள் இருக்கும் இடத்தில் அத்தை நேராகப் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாய் அதன் வழக்கப்படி போயிற்று. மேலே ஏசியைப் பார்த்தார்.

"சொந்த விருப்பமாம்! இந்தக் காலத்துல யாரு யாரோட விருப்பத்தக் கேட்டாங்க? எல்லாம் தலையெழுத்து. வெட்டி எடுத்துட்டுப் போகட்டும்."

டாக்டர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"என்னக் கட்டாயப்படுத்த இங்க எந்த நாய்க்குத் தைரியம் இருக்கு?"

"இந்தப் பொண்ணுகூட நல்லாப் பேசுவீங்களா?"

"எந்தப் பொண்ணு?" என்றார் அத்தை ஏசியிடம்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டாக்டர் அம்மா குளவியிடம் திரும்பி, அத்தையை நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். குளவி மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துச் சொன்னாள்: "தெரியாம? சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடற ரேடியோ. அணைக்கத்தான் முடியாது."

அம்மாவைக் கேட்டார்கள். அவர் எதிரே ஒரு வாளி இல்லாத குறையால் வாயே திறக்கவில்லை.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பின்னால் ஏதோ இருக்கிறது, இப்போதைக்கு அனுமதி தர முடியாது என்றார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்குள் குளவி இருப்பாளா என்று கேட்க வாய் வரை வந்தது, அவள் பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

நடைபாதையில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நல்லா பேசினீங்க மூணு பேரும். மெடல் குடுக்கணும். வீட்டுக்குப் போயி மிச்ச சண்டையப் போடுங்க, அவ செத்தப்புறம் யாரு ஜெயிச்சதுன்னு எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று கத்தினேன். ஒரு நர்ஸ் வந்து, சத்தம் போடக் கூடாது என்றார். அவரிடமும் கத்தினேன்.

குளவி திருப்பிக் கொட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் படியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. "விடுங்கண்ணே" என்றாள். "போதும். விடுங்க."

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவள் எதையும் விட்டு நான் பார்த்ததில்லை. கார் நிறுத்தும் இடத்தைக்கூட விட்டதில்லை.

அத்தையும் அதைக் கேட்டார். பேசாமல் எங்களோடு காருக்கு வந்தார், கதவைத் திறந்தார், உட்காரவில்லை. பையை சீட்டில் எறிந்துவிட்டு வந்த வழியே விடுவிடுவென்று திரும்பினார். அந்த நடையை எனக்குத் தெரியும், யாரையாவது அடிக்கப் போகிற நடை. அவர்களைக் காரில் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் கமிட்டி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அங்கே மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார் டாக்டர் அம்மா, பதறிப்போய்.

"நான் சமையல்காரி. நின்னே பழக்கம்." இந்தத் தடவை ஏசியைப் பார்க்கவில்லை. "என்ன கேக்கணுமோ இப்பக் கேளுங்க. அவங்க ரெண்டு பேரும் இங்க இல்ல."

"அந்தப் பொண்ணுமேல உங்களுக்குப் பாசம் இருக்கா?"

"இல்ல."

டாக்டர் அம்மா கப்பைக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்குக் குடுக்கறீங்க?"

"பாசத்த வச்சு என்ன பண்றது? அவ மாமன் பாசக்காரன்தான். வந்து அழுதுட்டுப் போனான். இப்பப் போனையே எடுக்க மாட்டேங்கிறான். அவனக் கூப்பிட்டு உக்கார வச்சு பாசத்த வாங்கிக்குங்க." அத்தை மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்குப் புடிச்சவங்களுக்குத்தான் குடுக்கணும்னா, குடுக்கறதுக்கு எனக்கு ஆளே இல்ல. ரெண்டையும் வச்சுக்கிட்டு சாக வேண்டியதுதான். ஒண்ணு மட்டும் சொல்றேன். காலையில அந்தப் பொண்ணு வண்டிய உதைக்கற சத்தம் எனக்குக் கேக்கணும். கேக்காத அன்னிக்கு எனக்கு உப்பு, காரம் ஒண்ணும் சரியா விழமாட்டேங்குது. ஹாஸ்டல் புள்ளைங்க தட்டத் தள்ளிவிட்டுட்டுப் போகுதுங்க. இதுக்குப் பேரு பாசமா வேறயான்னு எனக்குத் தெரியல. நீங்களே ஒரு பேரு வச்சுக்குங்க."

டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவங்க எப்பவும் இப்படித்தானா?"

"இவங்க சண்ட போடாத அன்னிக்கு, என்னமோ ஏதோன்னு நான் கீழ எறங்கி வந்து பாப்பேன்" என்றேன். பொய் இல்லை.

அடுத்த வாரமே மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். அம்மாவும் குளவியும் உள்ளே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா வெளியே வரும்போது மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். குளவி வரும்போது, "அந்தக் கண்ணாடிக்காரம்மா ரொம்பக் கேள்வி கேக்குது" என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது.

ஆபரேஷன் அன்று காலை, இருவரையும் அடுத்தடுத்த ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். குளவி கூரையைப் பார்த்தாள். அத்தையும் கூரையைப் பார்த்தார். லிஃப்ட் கதவு மூடும்போது, "தள்ளற தள்ளுல எலும்பே ஒடைஞ்சிடும் போல" என்று அத்தை ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைத் திட்டியது கேட்டது.

முடிந்து, குளவியைக் கிருமி படாத தனி அறையில் வைத்தார்கள், யாரும் போகக்கூடாது. அத்தையை மேல்மாடியில் சாதாரண வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நர்ஸ் கதவருகே வந்து, "குடுத்தவங்களோட ஆள் யாரு? கூட இருந்து பாத்துக்கணும், எழுப்பி உக்கார வைக்கணும், பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

அத்தைக்கு ஆள் யார்? ஹாஸ்டலிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஆம்பளை, பொம்பளை வார்டில் இருக்க முடியாது. நர்ஸ் இரண்டாவது தடவை கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"அவங்க தம்பி சம்சாரம்" என்றார் அம்மா.

அம்மா உள்ளே போனார், நான் கதவருகில் நின்றேன். அத்தை, மயக்கம் தெளிந்தும் தெளியாமலும், அவரைப் பார்த்த மாத்திரத்தில், "சிஸ்டர், இத வெளிய அனுப்புங்க" என்றார். எழுந்திருக்கப் பார்த்து, வலி தாங்காமல் முனகினார்.

"வாய மூடிட்டுப் படுங்க அண்ணி" என்றார் அம்மா.

இத்தனை வருஷத்தில் முதல் நேர்ப் பேச்சு அது. அத்தை வாயை மூடிக்கொண்டார். தோற்றது யார் என்று இரண்டு பேரும் கணக்குப் பார்க்கவில்லை. அம்மா அவர் தலையணையைத் தூக்கி வைத்தார், மென்மையாக எல்லாம் இல்லை, பாத்திரம் கவிழ்க்கிற மாதிரிதான்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் நான் பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போயிருந்தேன். அம்மாவின் போன் அடித்தது, அவர் ஸ்பீக்கரைப் போட்டார். கீழிருந்து குளவி, நர்ஸ் போனில் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. பழைய குரல், கவுண்டரில் நிற்கிற குரல்.

"ம்மா, ஒண்ணுக்குப் பை நெறைஞ்சிடுச்சு! மாத்தினாங்க, அதுவும் நெறைஞ்சிடுச்சு! தண்ணி குடிக்கச் சொல்றாங்கம்மா, இன்னும் குடி இன்னும் குடின்னு சொல்றாங்க!"

அம்மாவுக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. போனை அப்படியே அத்தையின் காதில் வைத்துவிட்டார்.

"ம்மா, கேக்குதா? ஆமா, அந்தப் பொம்பள எப்படி இருக்கா?"

"அந்தப் பொம்பளதான் பேசறேன்" என்றார் அத்தை.

அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோயிற்று. வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அத்தை ஏசியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"வலிக்குதா அத்த?" என்றாள் குளவி.

"வலிக்காம? பொளந்து வச்சிருக்கானுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லாப் போகுதா உனக்கு?"

"போகுது. கொட்டுது."

"போகாம என்னடி பண்ணும்?" என்றார் அத்தை. "என்னோடதுல்ல அது?"